விரல்ல குத்திக்கவே கை வர மாட்டேங்குது: எம்பிபிஎஸ் முதல் வருஷம், ஹெமட்டாலஜி ப்ராக்டிகல்

கெடிலக்கரை:
வணக்கம். நான் கடலூர்க்காரி, பாண்டி பக்கம் ஒரு மெடிக்கல் காலேஜ்ல முதல் வருஷம் படிக்கிறேன். ஃபிசியாலஜில இப்போ ஹெமட்டாலஜி ப்ராக்டிகல், அதாவது ரத்தப் பரிசோதனை பழகறது, ஓடுது. ஆர்பிசி (சிவப்பணு) கவுண்ட், டபிள்யூபிசி (வெள்ளையணு) கவுண்ட், ஹீமோகுளோபின், ரத்தம் நிக்கற நேரம் பாக்கற பிளீடிங் டைம், உறையற நேரம் பாக்கற கிளாட்டிங் டைம், பிளட் குரூப்புன்னு வாராவாரம் ஏதாவது ஒண்ணு, எல்லாத்துக்கும் அவங்கவங்க விரலைத்தான் குத்திக்கணும். வேற யாராவது குத்தினா கூட கண்ண மூடிட்டு பொறுத்துக்குவேன், நானே லான்செட்ட (விரல்ல குத்தற சின்ன ஊசி) பிடிச்சு குத்தணும்னா விரலுக்கு மேல வந்து கை அப்படியே நின்னுடுது, அப்புறம் பயந்து பயந்து மெதுவா அழுத்துறேன், வலி மட்டும் நல்லா வலிக்குது ஆனா ரத்தம் வரல, திரும்ப குத்தணும்.

எங்க பேட்ச்ல ஒரு பையன் கதை வேற. அவன் இன்னும் குத்திக்கவே இல்ல, பக்கத்துல இருந்தவன் விரல்ல ரத்தத்த பாத்ததுமே மூஞ்சி வெளுத்து வேர்த்து ஸ்டூல்லருந்து சரிஞ்சுட்டான், பின்னாடி நின்ன அட்டெண்டர் அண்ணன் பிடிச்சுட்டாரு. கிளாஸ்ல பாதி பேர் சிரிச்சாங்க. அதுலருந்து அவன் யார்கிட்டயும் சரியா பேசறதில்ல, மெடிசினே வேணாம்னு வீட்ல சொல்லிட்டு இருக்கானாம்.

எனக்கு வலி குறையற மாதிரி குத்துறது எப்படின்னு தெரியணும். அந்தப் பையனுக்கு என்ன சொல்றதுன்னும் தெரியணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சர்ஜரி சீனியர்:
தங்கச்சி, எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான் இருக்கும். பழகப் பழக சரியாயிடும். நாளைக்கு கேஷுவால்ட்டில ஆக்சிடென்ட் கேஸ் வந்து படுத்திருக்கும்போது நமக்கு தலை சுத்துதுன்னு உக்கார முடியாது. அந்தப் பையன் திரும்பத் திரும்ப போய் நின்னு பாக்கணும், வேற வழி இல்ல. பயத்துக்கு இடம் குடுத்தா அது வளரும்.

கோரிமேடு பிஜி:
அண்ணே, மரியாதையோட சொல்றேன், பாதி சரி. மீதி பாதியிலதான் நெறைய பசங்க அடிபடறாங்க. நான் ஃபிசியாலஜில பிஜி (மேற்படிப்பு) பண்றேன், வருஷா வருஷம் முதல் வருஷ பேட்ச்ச லேப்ல பாக்குறேன், இதுல எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

தங்கச்சி, உன் பிரச்சனையும் அந்தப் பையன் பிரச்சனையும் ஒண்ணே இல்ல. உனக்கு இருக்கறது வலி பயம். அவனுக்கு வந்தது ரத்தம், ஊசி, காயம் இதுங்கள பாத்தா உடம்பு காட்டுற ஒரு ரிஃப்ளெக்ஸ். ரெண்டுக்கும் வைத்தியம் வேற, சொல்லப்போனா நேர் எதிர்.

பாம்பு பயம், உயர பயம்னு எந்த பயத்துலயும் இதயம் படபடன்னு அடிக்கும், பிரஷர் ஏறும், அதோட சரி, பொதுவா மயக்கம் போடாது. ரத்த பயத்துல மட்டும் ரெண்டு கட்டம். முதல்ல பல்ஸும் பிரஷரும் ஏறும், அடுத்த சில நொடியில வேகஸ் நரம்பு மேல வந்து இதயத்துடிப்ப குறைச்சுடும், அதே நேரம் கால்ல இருக்கற ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சு ரத்தம் கீழ தேங்கிடும், பிரஷர் சரசரன்னு எறங்கும், மூளைக்கு போற ரத்தம் குறையும், ஆள் சாயுவான். வேசோவேகல் சின்கோப்னு இன்னும் கொஞ்ச நாள்ல சிவிஎஸ் (இதயம், ரத்தக்குழாய்) கிளாஸ்ல நீங்களே படிப்பீங்க. படிக்கும்போது அந்தப் பையன் ஞாபகம் வரட்டும். இது கோழைத்தனமே இல்ல. குடும்பத்துலயும் ஓடும், அவங்க அப்பாவையோ சித்தப்பாவையோ விசாரிச்சா பெரும்பாலும் ஒருத்தர் மாட்டுவாரு.

இப்போ பாருங்க, மயங்கப் போற ஒருத்தன்கிட்ட போய் நாம எல்லாரும் என்ன சொல்றோம்? "ரிலாக்ஸ் பண்ணு, உடம்ப தளர விடு, ஆழமா மூச்சு விடு." ஏற்கனவே பிரஷர் எறங்கிட்டு இருக்கறவன் உடம்ப தளர விட்டா இன்னும் எறங்கும். அவன் பண்ண வேண்டியது உடம்ப இறுக்கறது. ஸ்வீடன்ல லார்ஸ் யோரான் ஓஸ்ட்னு ஒரு உளவியல் பேராசிரியர், அவரும் அவரோட குழுவும் 1980கள்ல இதுக்கு ஒரு முறையே உருவாக்கினாங்க, அப்ளைடு டென்ஷன்னு பேரு. உக்காந்துக்கிட்டு தொடை, வயிறு, கை தசை எல்லாத்தையும் இறுக்கிப் பிடிக்கணும், 10லருந்து 15 நொடி, மூஞ்சில ஒரு சூடு ஏறுற வரைக்கும். அப்புறம் விடணும், ஆனா துவண்டு போற அளவுக்கு இல்ல, சும்மா சாதாரணமா உக்கார்ற நிலைக்கு. 20, 30 நொடி விட்டு மறுபடி. இப்படி அஞ்சு தடவை. வீட்ல தினமும் பழகிட்டு, அப்புறம் ரத்தம் இருக்கற படம், அப்புறம் லான்செட்ட கையில பிடிக்கறது, அப்புறம் தள்ளி நின்னு அடுத்தவங்க குத்தறத பாக்கறதுன்னு படிப்படியா போகணும். குத்தப்போற கைய மட்டும் தளர விட்டுட்டு மத்தத இறுக்கணும்.

சீனியர் அண்ணன் சொன்ன "திரும்பத் திரும்ப போய் நில்லு"ங்கறது தப்பில்ல, படிப்படியா பாக்கறதுதான் வழியே. ஆனா இந்த இறுக்கற வித்தைய சொல்லிக் குடுக்காம வெறுமனே போய் நில்லுன்னா அவன் ஒவ்வொரு தடவையும் விழுவான், ஒவ்வொரு தடவையும் கிளாஸ் சிரிக்கும், கடைசில லேபுக்கே வர மாட்டான்.

வடலூர் தம்பி:
பிஜி அண்ணே, மயக்கம் வரப்போகுதுன்னு முன்னாடியே தெரியுமா?

கோரிமேடு பிஜி:
தெரியும் தம்பி, பெரும்பாலும் தெரியும். கொட்டாவி வரும், கை சில்லுன்னு வேர்க்கும், குமட்டும், காதுல ஒரு இரைச்சல், பேசறவங்க குரல் தூரத்துல கேக்கற மாதிரி இருக்கும், கண்ணு ஓரத்துலருந்து இருட்டிக்கிட்டு வரும். கொட்டாவி வந்த உடனேயே வேலைய ஆரம்பிச்சிடணும், இருட்டற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. கால் மேல கால குறுக்கா போட்டு தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்குனா கூட பிரஷர் நிக்கும். அதையும் தாண்டி விழுந்துட்டா தரையில மல்லாக்க படுக்க வைச்சு கால தூக்கிப் பிடிங்க, அவ்வளவுதான். நம்ம ஆளுங்க உடனே தூக்கி உக்கார வைப்பாங்க, வாயில சோடா ஊத்துவாங்க, ரெண்டும் கூடாது.

காலைல சாப்பிடாம லேபுக்கு வர்றவங்க நெறைய பேர், அதையும் பாத்துக்கோங்க. ரத்த தானம் பண்றவங்களுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி அரை லிட்டர் தண்ணி குடிக்க வைச்சா மயக்கம் குறையுதுன்னு ஆய்வே இருக்கு, லேபுக்கும் அது உதவும்.

மஞ்சக்குப்பம் லேப்காரர்:
பாப்பா, மயக்கத்த பத்தி டாக்டர் தம்பி அழகா சொல்லிட்டாரு. குத்தறத நான் சொல்றேன், கடலூர்ல ரொம்ப வருஷமா எனக்கு அதான் தொழில்.

நீ மெதுவா அழுத்தறேன்னு எழுதியிருக்க பாரு, வலிக்கு முக்கால்வாசி காரணம் அதான். பயந்து குத்துனா ஆழம் பத்தாது, ரத்தம் வராது, அப்புறம் பிசைவ, பிசைஞ்சும் வராது, மறுபடி குத்துவ. ஒரே குத்து, வெடுக்னு, உடனே எடுத்துடணும். லான்செட் முனை அவ்வளவுதான் நீளம், அதுக்கு மேல உள்ள போகாது, அத நம்பு.

எந்த விரல்? எழுதற கை வலதுன்னா இடது கை மோதிர விரல், இல்லன்னா நடு விரல். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வேணாம், நாள் பூரா அதுங்கதான் வேலை செய்யுது, சுண்டு விரல்ல சதை கம்மி, எலும்பு கிட்டக்க இருக்கு. விரல்ல எங்க? நுனி நடுவுல குத்தவே கூடாது, உணர்ச்சி நரம்பெல்லாம் அங்கதான் நெருக்கமா இருக்கு. நகத்த ஒட்டியும் வேணாம். நடுவுக்கு சைடுல, சதை இருக்கற எடம். ரேகை ஓடுற திசைக்கு குறுக்கா லான்செட் இறங்கணும், அப்பதான் ரத்தம் உருண்டையா முத்து மாதிரி நிக்கும், ரேகையோடயே போச்சுன்னா வழிஞ்சு ஓடிடும், பிப்பெட்ல (ரத்தத்த அளந்து உறிஞ்சற கண்ணாடிக் குழாய்) உறிஞ்ச முடியாது.

குத்தறதுக்கு முன்னாடி கைய சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணில கழுவி நல்லா தேய்ச்சு தொங்கப் போட்டு வை. பயத்துல கை ஜில்லுன்னு இருக்கும், ஜில்லுன்னு இருக்கற விரல்ல ரத்தம் வராது, அதனாலயே பாதி பேர் ரெண்டாவது குத்து வாங்கறாங்க. ஸ்பிரிட் தடவுனா அது காயற வரைக்கும் பொறு. ஈரத்தோட குத்துனா எரியும், எரிச்சல குத்துன வலின்னு நெனைச்சுக்குவ, ரத்தமும் சொட்டா நிக்காம பரவிடும், செல்லும் ஒடையும். முதல் சொட்ட காய்ஞ்ச பஞ்சால துடைச்சிடு, அதுல திசு நீர் கலந்திருக்கும். விரல பிழியாத, பிழிஞ்சா திசு நீர்தான் வரும், கவுண்ட் கம்மியா காட்டும்.

இன்னொண்ணு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. நிறைய பேர் ரெண்டாவது தடவை குத்திக்கறது வலியால இல்ல, ஏற்பாடு இல்லாததால. குத்திட்டு அப்புறம் பிப்பெட்ட தேடுவாங்க, சிவப்பணு எண்ணறதுக்கு ரத்தத்த நீர்க்க வைக்கற ஹேயம்ஸ் ஃப்ளூயிட் எங்கன்னு கேப்பாங்க, அதுக்குள்ள சொட்டு உறைஞ்சிடும். சாலிஸ் முறையில ஹீமோகுளோபின் பாக்கறதுன்னா முதல்ல ட்யூப்ல என்/10 ஆசிட் (நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) விட்டு வைச்சிடு, 20 மார்க் இருக்கற பிப்பெட் காய்ஞ்சிருக்கான்னு பாத்துக்கோ, ரப்பர் ட்யூப் ஓட்டை இல்லாம இருக்கான்னு ஒரு தடவை உறிஞ்சிப் பாத்துக்கோ, பஞ்ச பக்கத்துல வை, எல்லாம் கைக்கெட்டற தூரத்துல இருந்தாத்தான் லான்செட்ட எடுக்கணும். பிப்பெட் முனைய சொட்டுக்குள்ள முழுசா வைச்சு ஒரே சீரா உறிஞ்சு, நடுவுல முனை வெளிய வந்துச்சுன்னா காத்து முட்டை ஏறிடும். 20ஐ தாண்டிப் போச்சுன்னா பதறாத, பிப்பெட் முனைய பஞ்சுல லேசா தொட்டா கொஞ்சம் எறங்கி வரும். வெளிய ஒட்டியிருக்கறத துடைச்சிட்டு ஆசிட்டுக்குள்ள விட்டு ரெண்டு மூணு தடவை அலசு. இவ்வளவும் தயாரா செஞ்சா ஒரே குத்துல ஒரு பிப்பெட், ஒரு ஸ்மியர் (ஸ்லைடுல ரத்தத்தத் தேய்ச்சு எடுக்கறது) ரெண்டும் எடுத்துடலாம்.

கெடிலக்கரை:
அண்ணே, ரேகைக்கு குறுக்கா குத்தணும்னு எங்களுக்கு யாருமே சொல்லல. ரெக்கார்ட் நோட்ல ப்ரொசீஜர்னு "விரலை ஸ்பிரிட்டால் துடைத்துக் குத்தவும்"னு ஒரே வரிதான் இருக்கு. ரொம்ப தேங்க்ஸ்ணே. பிஜி அண்ணா எழுதினத அப்படியே அந்தப் பையனுக்கு அனுப்பிட்டேன், அவங்க பெரியப்பா ரத்த தானத்துக்கு போய் மயங்கி விழுந்திருக்காராம்!

ஹவுஸ்சர்ஜன் தம்பி:
எங்களுக்கும் அந்த ஒரே வரிதான். இதுல எனக்கு கோவமே வரும். செல்ல எண்ணறதுக்கு கட்டம் போட்ட கண்ணாடி ஸ்லைடு இருக்கே, நியூபார் சேம்பர், அதுல எந்தக் கட்டத்துல எந்த செல்ல எண்ணணும்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பாங்க, இடது கோட்ட தொட்டா எண்ணு வலது கோட்ட தொட்டா விடுன்னு அவ்வளவு நுணுக்கமா, ஆனா ரத்தம் எடுக்கறது மட்டும் தானா வந்துடும்னு விட்டுடுவாங்க. நான் படிச்ச எடத்துல ரத்தம் வராத பசங்கள டெமான்ஸ்ட்ரேட்டர் ஒருத்தர் வந்து அவரே விரல இறுக்கிப் பிடிச்சு குத்துவாரு, கேக்கவெல்லாம் மாட்டாரு. ஒரு பொண்ணு அழுதே போச்சு. அந்தப் பொண்ணோட விரல், அதோட ரத்தம், ஒரு வார்த்தை கேட்டா என்ன? நோயாளிகிட்ட கன்சென்ட் வாங்கணும்னு எதிக்ஸ் கிளாஸ்ல சொல்றோம், மாணவன்கிட்ட வாங்காம எப்படி?

பாதுகாப்பும் சொல்லிடறேன். லான்செட் ஒருத்தருக்கு ஒண்ணு, ஒரே தடவை. பக்கத்து பெஞ்சுக்காரன் குத்துன லான்செட்ட ஸ்பிரிட்ல துடைச்சு வாங்கிக்கறது கூடவே கூடாது. குத்துன லான்செட்ட பஞ்சுக்குள்ள சுருட்டி மேசையில வைக்காதீங்க, அத கூட்டிப் பெருக்கற அக்கா கையிலதான் ஏறும். 2016 பயோமெடிக்கல் வேஸ்ட் விதிப்படி கூர்மையான சாமான் எல்லாம் வெள்ளை, குத்து ஏறாத டப்பாவுக்கு போகணும், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணு டோஸ், 0, 1, 6 மாசம், முதல் வருஷத்துலயே முடிச்சிடுங்க, முடிச்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஆன்டிபாடி டைட்டர் (ரத்தத்துல இருக்கற எதிர்ப்புச் சக்தி அளவு) 10க்கு மேல இருக்கான்னு பாருங்க. அடுத்தவங்க ரத்தம் பட்ட ஊசி ஏறிடுச்சுன்னா சோப்பு தண்ணில கழுவுங்க, பிழியாதீங்க, உடனே போய் சொல்லுங்க. எச்ஐவிக்கான தடுப்பு மருந்த எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்த தாண்டக் கூடாது. திட்டுவாங்கன்னு பயந்து மறைக்கிற பசங்கதான் ஆபத்துல மாட்டறாங்க.

சர்ஜரி சீனியர்:
கன்சென்ட் விஷயம் ஒத்துக்கறேன், சம்மதம் கேக்காம குத்தறது தப்பு. ஆனா ஒரு கேள்வி. அப்படி பயப்படற பசங்களுக்கு ப்ராக்டிகல் வேணாம்னு விட்டுடலாமா? அது அவங்களுக்கு செய்யற நல்லதா?

கோரிமேடு பிஜி:
விடக் கூடாதுண்ணே. வழி மாத்தலாம். ஆர்பிசி, டபிள்யூபிசி, ஹீமோகுளோபின் மூணையும் ஈடிடிஏ (ரத்தம் உறையாம தடுக்கற பொருள்) போட்ட சாம்பிள்ல செய்யலாம், டெக்னிக் கத்துக்கறதுல ஒண்ணும் குறையாது. பிளீடிங் டைமும் கேப்பிலரி முறை கிளாட்டிங் டைமும் மட்டும் அப்பவே குத்துன ரத்தம் வேணும், அதுக்கு விருப்பப்பட்டு முன்வர்ற ஒரு பார்ட்னர் போதும். இந்தப் பையன் அந்த நேரத்துல ஃபில்டர் பேப்பர்ல 30 நொடிக்கு ஒரு தடவை ஒத்தி எடுக்கட்டும். ரத்தத்த பாக்கறான், தொட்டு வேலை செய்யறான், அதுவே அவனுக்கு பயிற்சி. இன்னொரு வாரம் தானே குத்திக்குவான். ரத்தம் உறையாத வியாதி இருக்கறவங்க, ரத்தம் இளகற மாத்திரை சாப்பிடறவங்க இருந்தா அவங்கள முதல் நாளே தனியா கேட்டு வைச்சிடணும், கிளாஸ் நடுவுல கேக்கக் கூடாது.

ஊசி பயம் அபூர்வம்னு நெனைக்காதீங்க. 2019ல பல நாட்டு ஆய்வுகளையும் ஒண்ணா தொகுத்துப் பாத்ததுல இளவயசுக்காரங்கள்ல நூத்துக்கு 20லருந்து 30 பேருக்கு ஓரளவு ஊசி பயம் இருக்குன்னு வந்துச்சு. 150 பேர் பேட்ச்னா கணக்கு போட்டுப் பாருங்க. சிரிச்சவங்கள்லயே கால்வாசி பேர் உள்ளுக்குள்ள நடுங்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க.

முத்தியால்பேட்டை அம்மா:
நான் டாக்டர் இல்லை, படிக்கிற பிள்ளைங்க பேசறதால ஒரு வார்த்தை சொல்லலாம்னு வந்தேன். என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை. சின்ன வயசுலருந்தே தினமும் பல தடவை விரல்ல குத்தி சுகர் பாக்கறோம், அதுபோக இன்சுலின் ஊசி.

ஒரு தடவை ஆஸ்பத்திரில சேத்திருந்தப்போ ஒரு பயிற்சி டாக்டர் தம்பி ராத்திரி வந்து தூங்கிட்டு இருந்த புள்ளையோட ஆள்காட்டி விரல பிடிச்சு நட்ட நடு நுனில குத்திட்டுப் போனாரு. அவரு கெட்டவர் இல்லை, அவருக்கும் பாவம் எத்தனை வார்டோ. ஆனா மறுநாள் பூரா இவ ரெண்டு கையையும் போர்வைக்குள்ள வைச்சுக்கிட்டு வெளிய எடுக்கவே இல்லை. சாயங்காலம் வேற ஒரு பொண்ணு வந்துச்சு, அதுவும் பயிற்சி டாக்டர்தான். கட்டில் பக்கத்துல உக்காந்து "எந்த விரல் பாப்பா குடுக்கற? நீயே சொல்லு"ன்னு கேட்டுச்சு. இவ கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு போர்வைக்குள்ளருந்து இடது கை மோதிர விரல மட்டும் வெளிய நீட்டினா. அந்தப் பொண்ணு விரல் ஓரமா குத்தி, பஞ்ச இவ கையிலயே குடுத்து "நீயே அழுத்திக்கோ"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அன்னைலருந்து வீட்லயும் அந்தக் கேள்வியக் கேட்டுட்டுத்தான் நான் குத்தறேன்.

நாங்க விரல மாத்தி மாத்தித்தான் குத்துவோம், ஒரே எடத்துல குத்துனா தோல் காய்ச்சுப் போயிடுது. ஸ்பிரிங் வைச்ச பேனா மாதிரி கருவில ஆழம் வைக்கற நம்பர் இருக்கும், குழந்தைக்கு கம்மில வைச்சா போதும். ஸ்பிரிட் தேவையில்லைன்னு டாக்டரே சொன்னாங்க, சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சா போதும். கழுவாம மட்டும் பாக்கக் கூடாது, மாம்பழம் சாப்பிட்ட கையோட பாத்து சுகர் எக்கச்சக்கமா காட்டி ஒரு நாள் நாங்க பதறிட்டோம்.

கெடிலக்கரை தங்கம், உனக்கு வலிக்குதுன்னு நீ வெக்கப்படாதே. வலிக்கும்னு தெரிஞ்ச டாக்டர்தான் எங்களுக்கு வேணும்.

கெடிலக்கரை:
அம்மா 🙏 என்ன சொல்றதுன்னே தெரியல. பாப்பாவுக்கு என் அன்பு சொல்லுங்க.

வடலூர் தம்பி:
அந்த ஸ்பிரிங் பேனாவ காலேஜ் லேப்லயும் யூஸ் பண்ணலாமா? எனக்கும் கெடிலக்கரை அக்கா மாதிரிதான், குத்தற நேரத்துல கை நின்னுடுது. பட்டன் தட்டறது மட்டும்னா முடியும்னு தோணுது.

மஞ்சக்குப்பம் லேப்காரர்:
தாராளமா தம்பி. குத்தறத கருவி பாத்துக்கும், உன் கை தயங்கறதுக்கு வழியே இல்ல. ஆனா பேனாவ ரெண்டு பேர் சேர்ந்து வைச்சுக்கக் கூடாது, உள்ள லான்செட்ட மாத்தினாலும் மூடியில ரத்தம் ஒட்டியிருக்கும். ஒரு தடவை தட்டிட்டு தூக்கிப் போடற சேஃப்டி லான்செட் தனியா மெடிக்கல்ல கிடைக்குது, லேபுக்கு அதான் சரி. சுகர் பாக்கற லான்செட் முனை ரொம்ப மெலிசு, கிளாட்டிங் டைமுக்கு கேப்பிலரி ட்யூப் நிறையற அளவுக்கு அதுல ரத்தம் வராமப் போகலாம், கொஞ்சம் ஆழம் உள்ளதா பாத்து கேட்டு வாங்கு.

ஓல்டு டவுன் ஐயா:
பிள்ளைங்களா, நான் யானைக்கால் நோய்த் தடுப்பு வேலையில இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தப் பேச்சப் பாத்ததும் எழுதணும்னு தோணிச்சு.

கடலூர் ஓல்டு டவுன், பாண்டி இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல யானைக்கால் நோய் அதிகம். தேங்கி நிக்கற சாக்கடை, அதுல வளர்ற க்யூலெக்ஸ் கொசு. 1975ல பாண்டில கொசு ஆராய்ச்சிக்குன்னே விசிஆர்சிங்கற மத்திய ஆராய்ச்சி நிலையம் வந்துச்சுன்னா அதுக்கு அந்த நிலைமையும் ஒரு காரணம். இந்தப் புழுவோட குஞ்சு இருக்கே, மைக்ரோஃபைலேரியா, அது பகல்ல நுரையீரல் ரத்தக்குழாய்ல போய் ஒளிஞ்சுக்கும், ராத்திரி கொசு கடிக்கற நேரத்துக்குத்தான் வெளி ரத்தத்துக்கு வரும். அதனால நாங்க ரத்தம் எடுக்கப் போறதே ராத்திரி, ஊர் அடங்கற நேரத்துக்கு மேலதான்.

யோசிச்சுப் பாருங்க, நடு ராத்திரி கதவத் தட்டி, தூங்கற ஆள எழுப்பி, விரல நீட்டுன்னு சொல்லணும். நோய் வந்து கால் வீங்கினவங்க வீட்லயே கூட ஒத்துக்க மாட்டாங்க, நல்லா இருக்கறவங்க எப்படி ஒத்துக்குவாங்க? நாங்க முதல் நாள் சாயங்காலமே தெருவுல போய் சொல்லிடுவோம், எதுக்கு ராத்திரின்னு விளக்கிச் சொல்லுவோம். காரணம் தெரிஞ்சா ஜனங்க கைய நீட்டுவாங்க. வீட்ல பெரியவங்க யாரோ அவங்க விரல்ல முதல்ல குத்துவோம், அதப் பாத்து பிள்ளைங்க வரும். குத்தப்போற விரல எங்க கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வைச்சு நுனி செவக்கற மாதிரி இறுக்கிப் பிடிப்போம், பிடிச்ச பிடி உறுதியா இருந்தா குத்து அவ்வளவா தெரியாது. ஸ்லைடுல ரத்தத்தப் பரப்பி நம்பர் எழுதி பெட்டியில வைச்சுட்டு அடுத்த வீடு.

புதுசா வேலைக்கு வந்த பையன்கள்ல சில பேரு மொத ராத்திரி கை நடுங்கி நிப்பாங்க. அவங்கள நாங்க திட்டினதில்ல, ரெண்டு நாள் லாந்தர் பிடிக்கச் சொல்லி பக்கத்துலயே வைச்சுக்குவோம், மூணாம் நாள் அவனே ஊசிய வாங்கிக்குவான்.

கோரிமேடு பிஜி:
ஐயா, லாந்தர் பிடிக்க விட்டது அத்தனை பெரிய விஷயம். இப்போ புத்தகத்துல படிப்படியா பழக்கணும்னு போட்டிருக்கறத நீங்க தெருவுல செஞ்சிருக்கீங்க. இறுக்கிப் பிடிக்கறதுக்கும் ஃபிசியாலஜில பதில் இருக்கு, அழுத்தத்த கொண்டு போற நரம்பு தண்டுவடத்துல வலி சேதிக்கு கதவ சாத்துதுன்னு மெல்சாக்கும் வாலும் 1965ல சொன்ன கேட் கன்ட்ரோல் தியரி. கெடிலக்கரை, சென்சரி சிஸ்டம் வரும்போது ஐயாவ நெனைச்சுக்கோ.

இன்னொரு சின்ன வித்தை, ஊசி ஏறுற அதே நொடியில ஒரு தடவை இருமினா வலி கம்மியா தெரியுதுன்னு ரத்தம் எடுக்கறப்போ சோதிச்சுப் பாத்திருக்காங்க. தானே குத்திக்கறப்போ இருமாதீங்க, கை ஆடிடும், அடுத்தவங்க குத்தறப்போ மட்டும்.

சர்ஜரி சீனியர்:
ஐயா எழுதினதப் படிச்சதும் எனக்கு தியேட்டர் ஞாபகம் வந்துடுச்சு. மூணாவது வருஷப் பசங்க முதல் தடவை வந்து நிக்கும்போது சாயறது அடிக்கடி நடக்கும். அவங்களுக்கு நான் சொல்றது இதான்: டிபன் சாப்பிட்டு வா, முட்டிய நேரா இறுக்கி நிக்காத, கால மாத்தி மாத்தி ஊனு, மாஸ்க்குக்குள்ள புழுக்கமா வந்துச்சுன்னா சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு டேபிள விட்டு பின்னாடி வந்து சுவரோரமா தரையில உக்காரு, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. ஸ்டெரைல் டிரே மேல விழறதுதான் பிரச்சனை, உக்கார்றது பிரச்சனையே இல்ல. இனிமே அந்த தொடை இறுக்கறதையும் சேத்து சொல்லப் போறேன்.

கெடிலக்கரை:
எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. ப்ராக்டிகல் எக்ஸாம்ல எக்ஸ்டர்னல் (வெளியிலருந்து வர்ற தேர்வாளர்) முன்னாடிதான் குத்திக்கணுமாம். அந்தப் பையன் இப்போ அதத்தான் நெனைச்சுப் பயப்படறான். முன்னாடியே டிபார்ட்மென்ட்ல சொன்னா மார்க் குறைப்பாங்களோன்னு சொல்லாமயே இருக்கான். சொல்லலாமா?

கோரிமேடு பிஜி:
கண்டிப்பா சொல்லச் சொல்லு. எக்ஸாம் அன்னைக்கு இல்ல, இந்த வாரமே. தனியா போகத் தயங்கினா நீயும் கூடப் போ, எச்ஓடிகிட்ட (துறைத் தலைவர்) நேரா போக முடியலன்னா பேட்ச்ச பாக்கற டியூட்டர்கிட்ட போங்க. "எனக்கு ரத்தம் பாத்தா வேசோவேகல் வருது, அப்ளைடு டென்ஷன் பழகிட்டு இருக்கேன், எக்ஸாமுக்குள்ள தானே குத்திக்கப் பாக்குறேன்"னு சொல்லட்டும், இதக் கேட்டுட்டு மார்க் குறைக்கற வாத்தியார நான் பாத்ததில்ல. எக்ஸாம் பயத்தால ராத்திரி பூரா முழிச்சிட்டு வெறும் வயித்தோட வந்து நின்னா நல்லா இருக்கறவனே சாயுவான், அதனால தூங்கச் சொல்லு, ரெண்டு இட்லியாவது சாப்பிடச் சொல்லு, தண்ணி குடிக்கச் சொல்லு. அப்புறம் லேப்ல ஸ்டூல் வேணாம், முதுகு சாயுற நாற்காலி ஒண்ணு கேட்டு வாங்கிக்கட்டும், ஆபீஸ் ரூம்ல கண்டிப்பா இருக்கும்.